ஃப்ளாப்பியில் பூட் செய்து லினக்ஸ் போட எந்த வழி நல்லது?

கையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் லினக்ஸ் போட வேண்டும். ஆனால் அது சிடியிலிருந்து பூட் ஆகாது, பென்டிரைவ் என்று ஒன்று இருப்பதே அதன் பயாஸுக்கு (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் உள் நிரல்) தெரியாது, ஃப்ளாப்பி டிரைவ் மட்டும் எப்படியோ உயிரோடு இருக்கிறது. இந்த நிலைமையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்கள் பென்டிரைவில் இமேஜை எழுதிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

ஃப்ளாப்பியைத் தேடி எடுப்பதற்கு முன் பயாஸ் திரைக்குள் ஒரு முறை போய்ப் பாருங்கள். சிடியிலிருந்து பூட் செய்வதற்கான எல் டோரிட்டோ வரையறை 1995-ல் வந்தது. அதற்குப் பிறகு வந்த மதர்போர்டுகளில் அந்த வசதி இருக்கலாம், இருந்தும் அணைத்து வைத்திருக்கலாம். பூட் வரிசையில் 'ஏ, சி' (ஃப்ளாப்பி, ஹார்ட் டிஸ்க்) என்பதைத் தவிர வேறு எதுவும் தேறவில்லை என்றால்தான் இந்தக் கதைக்குள் வர வேண்டும்.

அடுத்தது, எந்த லினக்ஸ் போடப் போகிறீர்கள் என்பது. இதை முடிவு செய்யாமல் ஃப்ளாப்பி தயார் செய்வது வீண் வேலை. டெபியன் 9-லிருந்தே பென்டியம் ப்ரோ வகைக்குக் கீழே உள்ள செயலிகளுக்கு இடமில்லை. டெபியன் 13-ல் 32-பிட் பிசிக்கான நிறுவியே கிடையாது. லினக்ஸின் மைய நிரலான கர்னல், தன் 3.8 பதிப்பிலேயே 386 செயலியைக் கைகழுவிவிட்டது. பழைய பென்டியம் என்றால் ஸ்லாக்வேர் 15-ன் 32-பிட் பதிப்பு போன்ற ஒன்றைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் அந்தக் காலத்து வெளியீட்டையே தேடிப் போட வேண்டியதுதான்.

சரி, ஃப்ளாப்பிக்கு வருவோம். ஒரு பக்கத்தில் 80 தடங்கள், இரண்டு பக்கம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இதைத்தான் 1.44 எம்பி என்கிறார்கள் (1024 பைட் கொண்ட 1440 கிலோபைட்டை ஆயிரத்தால் வகுத்த விசித்திரக் கணக்கு அது, எந்த முறைப்படியும் சரியான மெகாபைட் இல்லை). வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு ஒரு தடம் என்று வைத்தாலும் 160 தடங்களைப் படிக்கக் குறைந்தது 32 விநாடி ஆகும். நிஜத்தில் இன்னும் அதிகம்.

இப்போதைய டிஸ்ட்ரோக்களின் (டெபியன், ஸ்லாக்வேர் போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) கர்னல் மட்டுமே பல மெகாபைட். அதாவது நிறுவியை ஃப்ளாப்பிக்குள் அடைக்கும் யோசனை அங்கேயே முடிந்துவிடுகிறது. 2.4 வரிசை வரை கர்னல் கோப்பையே அப்படியே ஃப்ளாப்பியில் எழுதிப் பூட் செய்ய முடிந்தது, அதன் தலையிலேயே ஒரு பூட் செக்டர் இருந்தது. 2.6-ல் அதை எடுத்துவிட்டார்கள். அந்த மாதிரி எழுதிப் பூட் செய்தால், பூட் லோடர் (கர்னலை நினைவகத்தில் ஏற்றிவிடும் சிறு நிரல்) ஒன்றைப் பயன்படுத்து என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். ஃபெடோரா கோர் 2 வந்தபோது பூட் ஃப்ளாப்பி இமேஜையே கொடுக்கவில்லை, கர்னல் ஃப்ளாப்பியில் கொள்ளவில்லை என்பதுதான் காரணம்.

அதனால் என் கட்சி இதுதான்: ஃப்ளாப்பிக்கு எவ்வளவு குறைந்த வேலை கொடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அது லினக்ஸைச் சுமக்க வேண்டாம், லினக்ஸ் இருக்கும் இடத்துக்குக் கதவைத் திறந்துவிட்டால் போதும். கீழே வரும் வழிகளை எல்லாம் இந்தக் கண்ணோடுதான் எடை போடுகிறேன்.

பழைய வழி, டிஸ்ட்ரோவே கொடுத்த ஃப்ளாப்பி இமேஜ்கள். ரெட் ஹேட், டெபியன், ஸ்லாக்வேர் எல்லாமே ஒரு காலத்தில் கொடுத்தன. டெபியன் 3.1-ல் பூட் ஃப்ளாப்பி ஒன்று, ரூட் ஃப்ளாப்பி ஒன்று, நெட்வொர்க் டிரைவர்களுக்கு ஒன்று, சிடி டிரைவர்களுக்கு ஒன்று என்று பிரித்திருந்தார்கள். முதல் ஃப்ளாப்பியில் கர்னல் ஏறும், அப்புறம் ரூட் ஃப்ளாப்பியைப் போட்டு எண்டரைத் தட்டு என்று கேட்கும், அதை நினைவகத்தில் விரித்துக்கொண்டு நிறுவி தொடங்கும். இதில் யோசிக்க எதுவும் இல்லை என்பதுதான் இதன் பலம். அந்த வெளியீட்டுக்காகவே செய்தது, எந்த டிரைவர் எந்த வட்டில் என்பதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

பலவீனம், நான்கு வட்டும் ஒழுங்காகப் படிக்கப்பட வேண்டும். நான் ஒரு முறை ஒரு பழைய லேப்டாப்புக்காக ஒரு செட் எழுதினேன். முதல் இரண்டும் ஏறிவிட்டன, மூன்றாவதில் டிரைவ் கர் கர் என்று ஒரே இடத்தில் தேய்க்க ஆரம்பித்தது, ஐந்து நிமிடம் கழித்துப் படிக்க முடியவில்லை என்று கைவிரித்தது. வேறு வட்டில் எழுதினேன், அதுவும் அப்படியே. வட்டுகளில் கோளாறே இல்லை. எழுதிய டிரைவின் தலையும் படித்த டிரைவின் தலையும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை, அவ்வளவுதான். எழுதிய கம்ப்யூட்டரில் பிசிறில்லாமல் படிக்கும் வட்டு இன்னொன்றில் படுத்துக்கொள்வது ஃப்ளாப்பி உலகத்தில் சாதாரணம். கடைசியில் அந்த லேப்டாப்பின் டிரைவைக் கழற்றி, அதிலேயே எழுதித்தான் வேலை முடிந்தது. இன்னொரு குறை, இப்படி நிறுவப்படுவது அந்தக் காலத்து வெளியீடு மட்டுமே, பாதுகாப்புத் திருத்தங்கள் எப்போதோ நின்றுவிட்டவை. இணையத்தில் விடாமல் வைத்திருக்கும் பெட்டி என்றால் சரி.

இரண்டாவது, சிஸ்லினக்ஸை வைத்து நாமே செய்வது. இது பீட்டர் ஆன்வின் எழுதிய பூட் லோடர், சாதாரண டாஸ் ஃப்ளாப்பியின் மேலேயே உட்காரும். ஃபேட் வடிவத்தில் ஃபார்மட் செய்து, சிஸ்லினக்ஸ் கட்டளையை ஒரு முறை ஓட்டி, கர்னலையும் இனிட்ரடி கோப்பையும் (கர்னல் எழுந்ததும் முதலில் பயன்படுத்தும் சிறு கோப்புத் தொகுப்பு) சாதாரணக் கோப்புகளாகக் காப்பி செய்து, ஒரு சிறிய அமைப்புக் கோப்பு எழுதினால் போதும். பிறகு ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் விண்டோஸில் திறந்து நோட்பேடில் திருத்திவிடலாம், மறுபடி எதையும் ஓட்ட வேண்டாம். லிலோ என்ற பழைய பூட் லோடரில் இது நடக்காது, கர்னல் வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்று அது முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும், கோப்பைத் தொட்டால் லிலோவை மறுபடி ஓட்டியே ஆக வேண்டும். அதனாலேயே ஃப்ளாப்பிக்கு லிலோவை நான் சிபாரிசு செய்வதில்லை.

சிஸ்லினக்ஸில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 5-ஆவது பதிப்பிலிருந்து அதற்குத் துணைக்கு இன்னொரு கோப்பும் தேவைப்படுகிறது, இரண்டும் சேர்ந்து ஃப்ளாப்பியில் கணிசமான இடத்தைத் தின்றுவிடும். ஃபேட் ஃப்ளாப்பியில் நமக்குக் கிடைப்பதே 14,57,664 பைட்தான். ஆகவே 3 அல்லது 4 வரிசையைத் தேடி எடுங்கள். பயாஸ் மிகவும் கோளாறு பிடித்ததாக இருந்தால் நிறுவும்போது எஸ் என்ற விருப்பத்தைச் சேர்க்கலாம்; பாதுகாப்பானது, மெதுவானது, முட்டாளானது என்று அதைச் செய்தவர்களே அதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் யாருக்கு இந்த வழி? உங்களுக்கென்று கர்னலைச் செதுக்கித் தொகுக்கத் தெரிந்தவர்களுக்கு. டைனிகான்ஃபிக் என்ற மிகக் குறைந்த அமைப்பிலிருந்து ஆரம்பித்து, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, பிஸிபாக்ஸை (அடிப்படைக் கட்டளைகள் பலவற்றை ஒரே சிறு நிரலில் அடக்கியது) வைத்து ஒரு சின்ன இனிட்ரடி செய்தால், புதிய கர்னலைக்கூட ஒரே ஃப்ளாப்பியில் அடக்கிவிட முடியும். செய்து பார்க்க ரொம்ப சுவாரஸ்யமான வேலை. நிறுவுவதற்கு ஏற்ற வழியா என்றால் இல்லை. அடுத்த சனி ஞாயிறும் போய்விடும்.

இடம் போதவில்லை என்று சிலர் வட்டை 1.68 அல்லது 1.72 எம்பிக்கு ஃபார்மட் செய்வார்கள், 80 அல்லது 82 தடம், தடத்துக்கு 21 செக்டர் என்று நெருக்கி எழுதுவது. டாம்ஸ்ஆர்டிபிடி என்ற ஒற்றை ஃப்ளாப்பி லினக்ஸ் இப்படித்தான் அத்தனை கருவிகளையும் சுமந்தது. பெட்டியோடு வந்த டிரைவில் பெரும்பாலும் நடக்கும், யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் நடக்காது, அதற்கு வழக்கமான அளவுகள் மட்டும்தான் தெரியும். வேறு வழி இருக்கும்போது இதில் இறங்க வேண்டாம்.

இப்போது எனக்குப் பிடித்த வகைக்கு வருகிறேன், கைமாற்றிவிடும் ஃப்ளாப்பிகள். ப்ளாப் பூட் மேனேஜர் இதில் முதல். இதற்குள் ஐடிஇ சிடி டிரைவுக்கும் யுஎஸ்பிக்கும் சொந்தமாகவே டிரைவர் இருக்கிறது. ஃப்ளாப்பியில் பூட் செய்தால் ஒரு மெனு வரும், சிடி அல்லது யுஎஸ்பி என்று தேர்ந்தெடுத்தால் பயாஸ் செய்ய மறுத்த வேலையை அது செய்துவிடும். அதற்கப்புறம் நீங்கள் பூட் செய்வது சாதாரண நிறுவல் சிடிதான், அதாவது அந்தப் பெட்டியின் செயலியும் நினைவகமும் தாங்கும் எந்த டிஸ்ட்ரோவும் சரி. ஃப்ளாப்பி படிக்கப்படுவது சில விநாடிகள் மட்டும், கெட்டுப்போக வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைவு.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று. ப்ளாப்பின் டிரைவர் வேலை செய்வது கர்னலும் இனிட்ரடியும் நினைவகத்துக்கு வரும் வரைக்கும்தான். கர்னல் எழுந்த நிமிடத்திலிருந்து அது தன் சொந்த டிரைவரை வைத்துத்தான் சிடியைத் தேடும். ஆகவே பூட் மெனு அழகாக வந்து, கர்னல் வரிகள் ஓடி, அப்புறம் நிறுவி 'சிடியைக் காணோம்' என்றால் ஃப்ளாப்பியைத் திட்டாதீர்கள், அதன் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. கர்னலில் அந்தக் கட்டுப்பாட்டுச் சில்லுக்கான டிரைவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, பழைய யுஎஸ்பி 1.1 துளை என்றால் வேகம் பொறுமையைச் சோதிக்கும். இரண்டும் இருந்தால் சிடியே மேல்.

ப்ளாப் இலவசம், ஆனால் மூலநிரல் திறந்தது இல்லை. அது உறுத்தினால், சிடிக்கு மட்டும் போதும் என்றால், ஸ்மார்ட் பூட் மேனேஜர் இருக்கிறது. ஸ்லாக்வேர் தன் சிடியிலேயே அதன் ஃப்ளாப்பி இமேஜைச் சேர்த்துக் கொடுத்து வந்தது, இதே பிரச்சினைக்காக.

சிடி டிரைவும் இல்லை, யுஎஸ்பியும் இல்லை, ஆனால் நெட்வொர்க் கார்டு இருக்கிறது என்றால், நெட்வொர்க் வழியாகப் பூட் செய்யும் ஐபிஎக்ஸ்இ. ஈதர்பூட் என்று ஆரம்பித்து, ஜிபிஎக்ஸ்இ ஆகி, 2010-ல் ஐபிஎக்ஸ்இ ஆனது. ஃப்ளாப்பியில் எழுதிப் பூட் செய்தால் கார்டை எழுப்பி, டிஎச்சிபி வழியாக முகவரி வாங்கி, கர்னலையும் இனிட்ரடியையும் டிஎஃப்டிபி அல்லது எச்டிடிபி மூலம் இறக்கிக்கொள்ளும். மறுமுனையில் இன்னொரு கம்ப்யூட்டரில் டிஎன்எஸ்மாஸ்க் ஓடினால் போதும், டிஎச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் அது ஒன்றே பார்த்துக்கொள்ளும். வீட்டு ரவுட்டர் ஏற்கெனவே டிஎச்சிபி கொடுத்துக்கொண்டிருந்தால், டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி முறையில் ஓட்டுங்கள், இல்லையென்றால் இரண்டும் முகவரி கொடுக்கப் போட்டி போடும்.

முதல் முறை அமைக்க ஒரு மாலைப்பொழுது போகும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான்கைந்து பழைய பெட்டிகள் இருந்தால் இதைவிடச் சுகமான வழி கிடையாது, ஒரே ஃப்ளாப்பியை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்துக்கொண்டே போகலாம். ஒரே ஒரு பெட்டிக்காக என்றால் கொஞ்சம் யோசிப்பேன்.

க்ரப் என்ற இன்னொரு பூட் லோடரின் ஃப்ளாப்பி பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் ஹார்ட் டிஸ்கில் ஏற்கெனவே ஏதோ ஒரு இயங்குதளம் ஓடுகிறது என்றால் இது அருமையான வழி. டெபியன் எச்டி-மீடியா என்ற பெயரில் ஒரு கர்னலும் இனிட்ரடியும் தரும். அவற்றையும் ஐஎஸ்ஓ கோப்பையும் ஹார்ட் டிஸ்கில் ஒரு பார்டிஷனில் எப்படியாவது காப்பி செய்துவிடுங்கள். பழைய க்ரப்பின் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 கோப்புகள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஃப்ளாப்பியில் எழுதினால், பூட் செய்ததும் க்ரப் தன் கட்டளை வரியில் வந்து நிற்கும். அங்கே கர்னல் இருக்கும் இடத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும், பாதியில் டேப் விசையை அழுத்தினால் மீதிப் பெயரை அதுவே காட்டும். கோப்புப் பெயர் மறந்துபோனவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

இரண்டு பொறிகள் உண்டு. க்ரப் வட்டைப் படிப்பது பயாஸ் மூலமாகத்தான், ஆக பயாஸால் எட்ட முடிந்த எல்லைக்குள் கர்னல் இருக்க வேண்டும். மிகப் பழைய பயாஸ் என்றால் முதல் 504 எம்பி, கொஞ்சம் பிந்தியது என்றால் 8 ஜிபி சுமார். இன்னொன்று, லினக்ஸின் இஎக்ஸ்டி2 கோப்பு முறையில் ஐநோடு (ஒவ்வொரு கோப்பையும் பற்றிய குறிப்பு) 128 பைட்டாக இருந்தால்தான் பழைய க்ரப் ஒழுங்காகப் படிக்கும், இப்போதைய கருவிகள் ஃபார்மட் செய்தால் 256 பைட்டாக வரும், கோப்பு கண்ணெதிரே இருந்தும் இல்லை என்று க்ரப் சாதிக்கும். ஃபார்மட் செய்யும்போதே 128 என்று சொல்லிவிடுங்கள், அல்லது ஃபேட் பார்டிஷனில் வைத்துவிடுங்கள்.

அந்த ஹார்ட் டிஸ்கில் டாஸ் இருந்தால் லினக்ஸ் ஃப்ளாப்பியே தேவையில்லை, லோட்லின் என்ற சிறு நிரல் டாஸிலிருந்தே கர்னலைக் கிளப்பிவிடும். விண்டோஸுக்குள் திறக்கும் டாஸ் பெட்டியில் ஓடாது, நிஜமான டாஸ் வேண்டும். எளிய வழிதான், இன்று அந்த நிலைமையில் யாருடைய பெட்டி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஃப்ளாப்பியைத் தொடாமலே தப்பிக்க இரண்டு வழி. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி-ஐடிஇ அடாப்டரில் மாட்டி, வேறு கம்ப்யூட்டரில் நிறுவிவிட்டுத் திரும்ப மாட்டுவது. மேசைக் கணினி என்றால், அடாப்டரும் இருந்தால், உண்மையில் இதுவே எல்லாவற்றிலும் வேகமானது. பழைய செயலிக்கு ஏற்ற கர்னல்தானா என்பதையும், இனிட்ரடிக்குள் அந்தப் பெட்டியின் வட்டு டிரைவர் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்ப மாட்டியதும் ரூட்டைக் காணோம் என்று கர்னல் பானிக் அடிக்கும். இன்னொன்று கோடெக் எமுலேட்டர், ஃப்ளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் அதே 34 முனைக் கேபிளில் மாட்டிக்கொள்வது. பென்டிரைவில் ஃப்ளாப்பி இமேஜ்களைப் போட்டு பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பழைய நான்கு வட்டு செட் கூட இதில் மணிமணியாக ஏறும். பழைய பெட்டிகளோடு அடிக்கடி மல்லுக்கட்டுபவர் என்றால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஒரு முறைக்காக என்றால் தேவையில்லை.

என்னைக் கேட்டால், சிடி டிரைவ் இருந்தால் ப்ளாப், வேறு எதையும் முயல வேண்டாம். சிடி இல்லை, நெட்வொர்க் இருக்கிறது என்றால் ஐபிஎக்ஸ்இ. இரண்டும் இல்லாத லேப்டாப், ஆனால் உள்ளே ஓடும் ஒரு இயங்குதளம் இருக்கிறது என்றால் க்ரப். எதுவுமே இல்லாத பெட்டிக்குத்தான் பழைய ஃப்ளாப்பி செட்.

எந்த வழி ஆனாலும் இமேஜை எழுதும் முறை ஒன்றுதான், பலர் தடுக்கி விழுவதும் அங்கேதான். ஃப்ளாப்பி இமேஜ் கோப்பை ஃப்ளாப்பிக்குள் இழுத்துப் போட்டுக் காப்பி செய்தால் பூட் ஆகாது. முழு இமேஜ் 14,74,560 பைட், ஃபேட் ஃப்ளாப்பியில் காலி இடம் அதைவிட 33 செக்டர் குறைவு, அதனால் இடம் போதவில்லை என்ற செய்திதான் வரும். அந்தச் செய்தி வந்தால் வட்டைக் குறை சொல்லாமல், எழுதும் முறை தப்பு என்று புரிந்துகொள்ளுங்கள். பயாஸ் பார்ப்பது வட்டின் முதல் 512 பைட்டை, அதன் கடைசியில் 55, ஏஏ என்ற இரண்டு அடையாள பைட்டுகள் இருக்கின்றனவா என்று. ஆகவே இமேஜ் முதல் செக்டரிலிருந்து அப்படியே படிய வேண்டும். டாஸில் ராரைட், விண்டோஸில் அதன் வழிவந்த ராரைட்வின், லினக்ஸில் டிடி.

டிடியில் வெளியீட்டுச் சாதனத்தின் பெயரை இரண்டு முறை பாருங்கள். பெட்டியோடு வந்த டிரைவ் என்றால் எஃப்டி0, யுஎஸ்பி ஃப்ளாப்பி என்றால் எஸ்டி-யில் தொடங்கும் பெயரில் வரும், உங்கள் ஹார்ட் டிஸ்கும் அதே வரிசையில்தான் இருக்கும்! ஒரு எழுத்து தவறினால் ஹார்ட் டிஸ்கின் தலையில் ஃப்ளாப்பி இமேஜ் ஏறிவிடும்.

எழுதும் முன் எஃப்டிஃபார்மட் ஓட்டி வட்டைச் சோதித்துவிடுங்கள், அதற்கும் பெட்டியோடு வந்த டிரைவ் வேண்டும், ஒரு தடத்தில் தவறு காட்டினாலும் அந்த வட்டு குப்பைக்கு. எழுதி முடித்ததும் வட்டை வெளியே எடுத்துத் திரும்பப் போட்டு, சிஎம்பி கட்டளையால் இமேஜோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியே எடுக்காமல் ஒப்பிட்டால் லினக்ஸ் நினைவகத்தில் வைத்திருக்கும் பிரதியையே படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லக்கூடும், நான் ஏமாந்திருக்கிறேன். வசதி இருந்தால் அந்தப் பழைய பெட்டியின் டிரைவிலேயே எழுதுங்கள். ஒப்பிட்டுச் சரியாக வந்தபின், மூலையில் இருக்கும் எழுத்துத் தடுப்புக் கட்டையைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிட்டு, அதற்கப்புறம் பழைய பெட்டிக்குள் போடுங்கள்.